ஏரி வாரியமும் எளிய வாழ்வும்



விடியற்காலையில் ஒரகடம் கூட்டுச்சாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் அங்கே ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இரவு முறை முடித்து இறங்குவோரும், காலை முறைக்கு ஏறுவோரும் ஒருவரையொருவர் பாராமலே கடந்து செல்வர். அவர்களில் பலர் பதினெட்டு, இருபது வயதினர். என்னிடம் படித்தவர்களும் அவர்களிடையே உண்டு. அவர்கள் கையசைத்துவிட்டுச் செல்லும்போதெல்லாம், அந்தச் சாலைக்கு இருபுறமும் ஒரு காலத்தில் நீர் நின்ற இடங்களை என் கண் தேடும். நான் இந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1959-இல் பிறந்தவன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். வரலாறு என் பாடம்.

இயற்கைக்கு ஊறு செய்யாத வாழ்வைப் பற்றி இன்று எங்கும் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போது, அது செலவு மிக்க வாழ்வு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. புதிய கருவி வேண்டும், புதிய பொருள் வேண்டும், அவற்றை வாங்கப் பணம் வேண்டும் என்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்று வரலாற்றைக் கேட்போம். வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அமைந்துள்ள இந்தத் தொண்டை மண்டலத்தின் ஏரிகளே விடை சொல்லும்.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். காவிரி போன்ற பேராறு இங்கு இல்லை. பாலாறு உண்டு, ஆனால் அது ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழையோ ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. குறைவான மழை அன்று அது. எனினும் அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்ந்திருப்பதால், தடுப்பாரில்லையேல் அந்நீர் முழுதும் கடலுக்கு ஓடிவிடும். சில நாள் மழையை ஓர் ஆண்டு வாழ்வாக மாற்றுவது எப்படி? இவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடைதான் ஏரி.

ஏரியின் அமைப்பு மிக எளியது. சரிவின் குறுக்கே வளைவாக ஒரு மண்கரை. நீர் வந்து சேர வரத்துக் கால்வாய். வயலுக்கு நீர் விட மதகு. நிறைந்தபின் மிகுநீர் வழிய ஒரு கலங்கல். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகும். அதன் மிகுநீர் அதற்கடுத்த ஊருக்குச் செல்லும். இவ்வாறு ஏரிகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டன. மேல் ஊரார் தம் கலங்கலை அடைத்தால் கீழ் ஊரார் காய்வர். கீழ் ஊரார் தம் வழியைத் தூர்த்தால் மேல் ஊரார் மூழ்குவர். ஆதலின், ஓர் ஊரின் ஏரி அவ்வூருக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை.

2019-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டுச் செங்கல்பட்டு மாவட்டம் தோன்றியது. பிரிவுக்கு முற்பட்ட அந்த ஒரே மாவட்டத்தில், அரசின் பொதுப்பணித் துறை காத்து வந்த ஏரிகள் மட்டுமே ஏறக்குறைய 900. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் தாங்கல்களும் இதில் சேரா. இவற்றுள் பெரிது செம்பரம்பாக்கம். அதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 364 கோடி கன அடிக்கும் மேல். அதன் மிகுநீர் அடையாற்றின் வழியே சென்னை நகரைக் கடந்து கடலைச் சேருகிறது. மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் மிகுநீரும் அந்த அடையாற்றுக்கே செல்கிறது.

மணிமங்கலம் என்ற பெயரைக் கேட்டதும் வரலாற்று மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஒரகடத்துக்கு வடகிழக்கே உள்ள அந்த ஊரில்தான், கி.பி. 642-ஐ ஒட்டி, சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் தோற்றோடச் செய்தான். இப்போரைக் குறிப்பிடும் ஆவணங்களுள் ஒன்று கூரம் செப்பேடு. நரசிம்மவர்மனின் பெயரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்கு உரிய அந்தச் செப்பேட்டை நாம் பெரும்பாலும் போர்ச் செய்திக்காகவே படிக்கிறோம். ஆனால், அதே செப்பேடு பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் கூறுகிறது. தேர்வுக்குப் போரின் ஆண்டைப் படித்தோம், வாய்க்காலை விட்டுவிட்டோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன்.

ஏரியை வெட்டுவது மன்னனால் இயலும். அதை நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு காப்பது மன்னனால் இயலுமா? மழைநீர் மண்ணையும் கொண்டுவரும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏரியின் வயிறு தூர்ந்துகொண்டே போகும். கரையில் நண்டு வளை தோண்டும். எலி பொந்து வைக்கும். மாடு ஏறி இறங்கித் தடம் விழும். இவற்றுள் எதுவும் பெரிய சேதமன்று. ஒரு கூடை மண்ணால் தீரக்கூடிய சேதம். ஆனால் அந்த ஒரு கூடை மண்ணை உரிய நாளில் இடாவிட்டால், ஐப்பசி மழையில் கரையே உடைந்துவிடும். ஏரி கேட்டது பெருஞ்செலவை அன்று. தவறாத சிறு கவனத்தை.

அந்தக் கவனத்தை எப்படி உறுதி செய்தார்கள் என்பதற்கு உத்திரமேரூர் சான்று. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். குடவோலை முறை என்றவுடன் தேர்தலைத்தான் நினைப்போம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டாவா? ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வாறு வந்தவருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமைந்தனர். வாரியத்தின் காலம் 360 நாள்.

அக்கல்வெட்டில் என் மனத்தைத் தொடும் விதிகள் இரண்டு. முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் கூடாது என்பது ஒன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் இடப்பெறார் என்பது மற்றொன்று. முதல் விதி முறையை நிலைநாட்டியது. இரண்டாவது விதி கணக்கை நிலைநாட்டியது. ஏரியைக் காத்தவை முறையும் கணக்குமே.

இங்கே உண்மை ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் பிரமதேய ஊர். வரி செலுத்தும் நிலமும் கல்வியும் உடைய அந்தணரே சபையில் இடம் பெற்றனர். கரைக்கு மண் சுமந்தவரின் பெயர் குடத்து ஓலைகளில் இல்லை. பெண்களின் பெயரும் இல்லை. பிற்காலங்களிலும், நிலமில்லாத உழைப்பாளர், தமக்கு ஒரு சாண் வயல் இல்லாத ஆயக்கட்டுக்காகக் கூடை தூக்கியதுண்டு. முன்னோர் செய்தவை அனைத்தும் பொன் என்று கூறுவது வரலாறு ஆகாது. நல்லதை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த அநீதியை விலக்குவதே கற்றவர் கடமை.

இனி, ஏரியைச் சுற்றி அமைந்த வாழ்வில் எதுவும் வீணாகாத திறத்தைப் பாருங்கள். கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை உழவர் வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தனர். அது அவருக்கு எரு; ஏரிக்குத் தூர் நீக்கம். ஒரே வேலையில் இரண்டு பயன். நல்ல களிமண் குயவரின் சக்கரத்துக்குச் சென்றது. கரையில் நட்ட பனை, வேரால் மண்ணைப் பற்றிக்கொண்டு, ஓலையும் நுங்கும் தந்தது. தூர் அகற்றுவதற்கென்றே பொன்னும் நிலமும் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் பல பேசுகின்றன. அவ்வாறு விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர்.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் இதற்கோர் அழகிய சான்று. பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே கூடுகட்ட வரும் நீர்ப்பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைந்து, அந்நீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை ஊர் மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடவந்தவர்களைத் தடுக்க, 1798-ஆம் ஆண்டளவில் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து எழுத்து மூலமாக உரிமையும் பெற்றனர். பறவையைக் காத்ததற்கு அவர்கள் செலவிட்டது ஒரு காசும் இல்லை. பட்டாசும் பறையும் முழங்காமல் அடக்கமாக இருந்ததே அவர்கள் செய்தது.

அந்த லயனல் பிளேஸ் இப்பகுதியின் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் ஊக்கம் காட்டியவர். மதுராந்தகம் ஏரியின் கரை உடையாமல் இராமபிரான் காத்தார் என்றும், அதைக் கண்டு பிளேஸ் துரை கோயிலில் தாயார் சந்நிதி எழுப்பினார் என்றும் செவிவழிக் கதை உண்டு. அச்சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்லும் உண்டு. கதையைக் கதையாகவே கொண்டாலும், ஏரிக்கரை என்றால் ஆட்சியரும் உறங்காமல் நின்ற காலம் ஒன்றிருந்தது என்பது தெரிகிறது.

பின் ஏன் இந்த ஏற்பாடு தளர்ந்தது? கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகக் கிடைத்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்பவர் ஊர் ஊராக அளந்து விவரம் தொகுத்தார். அந்தப் பழைய பதிவுகளைப் பிற்காலத்தில் தரம்பால் போன்ற அறிஞர்கள் ஆராய்ந்தனர். விளைந்த நெல் அரசுக்கும் உழவனுக்கும் பிரியும் முன்பே, களத்து மேட்டில் ஊர்ப்பணிகளுக்குப் பங்கு எடுக்கப்பட்டது அவற்றால் விளங்கிற்று. நீர் பாய்ச்சுபவர், கொல்லர், தச்சர், காவலர் ஆகியோருக்கும் ஏரிக்கும் அதில் பங்கு உண்டு. கம்பெனி ஆட்சி நிலவரியைக் கறாராக்கியது. இத்தகைய பங்குகள் நாளடைவில் சுருங்கின. ஊரின் கையில் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பொறுப்பு மட்டும் எஞ்சியது.

குடிமராமத்து என்று நாம் அழைக்கும் அந்தக் கூட்டுழைப்பு மங்கத் தொடங்கியதும், அரசு 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற முதலாம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழக்கமாகச் செய்துவந்த வேலையைச் செய்யத் தவறினால் ஊராரிடம் செலவை வாங்கலாம் என்றது சட்டம். சட்டம் ஏட்டில் இருந்தது, உழைப்பு திரும்பவில்லை. அதில் வியப்பில்லை. ஏரி என்னுடையது என்ற எண்ணம் நீங்கியபின், கட்டாயத்தினால் அதை வரவழைக்க முடியுமா?

ஏரியில் நடந்தது இவ்வாறிருக்க, வீட்டுக்குள் நடந்ததையும் சிறிது சொல்கிறேன். பாட்டியை எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். என் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆயினும் அவர் வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஒரே வாழ்வு கிடையாது. அரிசி களைந்த நீர் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். குளித்த நீர் வாழைக்குப் பாயும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கும். கிழிந்த வேட்டி முதலில் பையாகும். பை நைந்தால் அடுப்படிக் கைத்துணியாகும். அதுவும் நைந்தால் விளக்குத் திரியாகும். நான் கிணற்றடியில் ஒரு குடம் நீரை வீணே கொட்டியபோது, "கண்ணு, அது உனக்கு மட்டும் ஊறலடா" என்றார். அதைவிடச் சிறந்த பொருளியல் பாடத்தை நான் பயிற்சிக் கல்லூரியிலும் கேட்கவில்லை.

ஆனால் ஆயாவின் வாழ்வு எளிதாயிருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். விறகுப் புகையால் அவருடைய கண்கள் கெட்டன. வறுமையே அவரைச் சிக்கனமாக்கியது. அவர் இல்லாமையால் செய்ததை நாம் அறிவால் செய்ய வேண்டும், அவ்வளவே வேறுபாடு. புகையடுப்புக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகி வெளிவருகின்றன. 2010 முதல் ஒரகடத்திலும் உருவாகின்றன. மின்னணுப் பொருள்களின் ஆலைகளும் வந்தன. இவற்றால் வந்த நன்மை பெரிது. பள்ளி முடித்த பெண்பிள்ளை ஒருத்தி தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைக்கும் காட்சியை என் மாணவியரிடமே கண்டிருக்கிறேன். தொழிற்சாலையைப் பழித்துப் பேசுவது என் நோக்கமன்று.

ஆயினும் ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்துவிட்டது. வயல் மனையானபோது, ஏரிக்கு ஆயக்கட்டு இல்லாமற் போயிற்று. ஆயக்கட்டு இல்லையேல் மதகைப் பார்ப்பவர் இல்லை. மதகைப் பார்ப்பவர் இல்லையேல் கரையில் நண்டு வளையைக் காண்பவரும் இல்லை. வரத்துக் கால்வாய்மேல் வீடும் சாலையும் எழுந்தாலும் கேட்பாரில்லை. ஏரி அங்கேயே இருக்கிறது. அதற்கு உரியவர்தாம் இல்லை.

இதன் விளைவை நாம் நான்கே ஆண்டுகளுக்குள் இருமுறை கண்டோம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையில் செம்பரம்பாக்கம் நிறைந்து, நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஏராளமான சிற்றேரிகளின் மிகுநீரும் சேர்ந்து அடையாற்றங்கரை மூழ்கியது. 2019 கோடையிலோ அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் துன்பங்கள் என எண்ணுகிறோம். தேக்கி வைக்கும் இடத்தை இழந்த நிலத்துக்கு அவை ஒரே நோயின் இரு முகங்கள்.

இடையே, 2017 மார்ச்சில், தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தது. தொடக்க விழா நடந்த ஊர் எது தெரியுமா? நரசிம்மவர்மன் போரிட்ட அதே மணிமங்கலம்! பழஞ்சொல் மீண்டும் வழங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அரசின் பொறிகள் ஒருமுறை தூர் எடுக்கலாம். மறு ஆண்டு படியும் தூரை நினைவில் வைத்திருப்பது யார்? வினா மீண்டும் உத்திரமேரூருக்கே செல்கிறது.

இந்த வினாவுக்கு நானே ஒருமுறை தோற்றவன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூற எனக்கு உரிமையில்லை. 2003-ஆம் ஆண்டு, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று தமிழகத்தில் சட்டம் வந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலும் கூரைக் குழாயை இறக்கி, கிணற்றருகே ஒரு குழி எடுத்து, கல்லும் மணலும் இட்டு மூடினோம். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். மழைநீர் அமைப்பு நன்கு பராமரிக்கப்படுகிறதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று எழுதிக் கையெழுத்திடுவேன். ஒருமுறையேனும் மூடியைத் திறந்து பார்த்தேனில்லை.

ஒரு கோடையில் பள்ளிக் கிணறு தரை தட்டியது. மழைநீர்க் குழியைத் திறக்கச் சொன்னேன். வாயளவு மண், வேப்பிலைச் சருகு, சுண்ணக்கட்டித் துண்டுகள், மிட்டாய்த் தாள்கள். குழாயின் வாயில் அணில் கூடு கட்டியிருந்தது. எத்தனையோ மழைக்காலங்களின் நீர் அக்குழிக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடியிருக்கிறது. சுற்றி நின்ற பிள்ளைகளுள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், இதைச் சுத்தம் பண்றது யாரோட முறை?" என்று கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு விடை இல்லை. காலையில்தான் அவள் வகுப்பில் ஏரி வாரியத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன்.

அன்று மாலையே ஆறு மாணவரை அமர்த்தினோம். ஏரி வாரியம் என்ற பெயரைப் பிள்ளைகளே இட்டனர். பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு குடத்திலிட்டு, முதல் வகுப்புக் குழந்தையைக் கொண்டு எடுத்தோம்; பெண் பிள்ளைகளின் பெயரும், எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெயரும் அந்தக் குடத்தில் இருந்தன. மாதத்துக்கு ஒருமுறை குழாயின் வலையைக் கழுவுதல், ஆடி மாதத்தில் குழியின் மேல்மணலை மாற்றுதல், ஒழுகும் குழாய்களை எண்ணிச் சொல்லுதல் ஆகியவை அவர்கள் கடமை. முதல் ஆண்டு நன்றாக நடந்தது. இரண்டாம் ஆண்டில் பொறுப்பாசிரியர் மாறுதலாகிச் செல்லவே, வாரியமும் ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் பராந்தகன் காலத்து இரண்டாம் விதியின் பொருள் எனக்கு விளங்கியது. முறை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வாரியத்தார் செய்ததையும் செய்யாததையும் அனைவர் முன்னும் படிக்கச் செய்தேன். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை அது நின்றதில்லை. கிணறு வற்றாத ஊற்றாக மாறிவிட்டது என்று கூறமாட்டேன். கோடையில் முன்னைவிடச் சில வாரம் கூடுதலாக நீர் தந்தது. எங்களுக்கு அது போதுமானதாயிருந்தது.

மாணவ நண்பர்களே, இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் நீர். நம் பகுதியில் ஆண்டு முழுதும் அக்கூரைமேல் விழுவது ஏறக்குறைய 1,20,000 லிட்டர். அதை நிலத்துக்குள் இறக்க வேண்டியது ஒரு குழாயும் ஒரு குழியும். ஆண்டுக்கு இரண்டு மணி நேர உழைப்பும். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாக்கும். அதை நிறுத்தத் தேவையானது சில ரூபாய்க்கு விற்கும் ஒரு ரப்பர் வளையம். குடிநீர் சுத்திகரிக்கும் கருவி, ஒரு லிட்டர் நன்னீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கழித்துத் தள்ளும். அக்கழிவுக் குழாயின்கீழ் ஒரு வாளி வைத்தால், வீடு துடைக்கவும் கழிவறைக்கும் அதுவே போதும்.

ஆளில்லாத அறையில் 75 வாட் மின்விசிறி நாள்தோறும் நான்கு மணி நேரம் சுழன்றால், ஆண்டில் ஏறக்குறைய 110 யூனிட் மின்சாரம் வீண். அதைச் சேமிக்க வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. ஒரு விரல் போதும். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. மஞ்சள் பையை வாங்கக்கூட வேண்டியதில்லை. என் ஆயாவைப் போல் பழைய வேட்டியில் தைத்துக்கொள்ளலாம். காய்கறித் தோலை ஓட்டையிட்ட பழைய மண்தொட்டியிலிட்டு, உலர்ந்த சருகும் சிறிது மண்ணும் தூவி வந்தால், இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும்.

வாடகை அறையில் நால்வராய்த் தங்கி ஆலைக்குச் செல்லும் இளைஞர்களுக்குச் சொந்தக் கூரை ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களிடம் கூரை இல்லை. ஆனால் நால்வர் இருக்கிறார்கள்! உத்திரமேரூரில் ஓர் ஏரிக்கு அறுவர். ஓர் அறைக்கு நால்வர் போதாதா? யார் இந்த வாரம் குழாய், விளக்கு, குப்பை ஆகியவற்றைக் கவனிப்பது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஆலைப் பேருந்து வரும்போது தனி வண்டியை எடுக்காதீர்கள். ஒரு பேருந்தில் நாற்பது பேர் சென்றால் நாற்பது வண்டிகளின் புகை குறையும். இவை அனைத்தும் பணம் கேட்பனவல்ல, பணத்தை மிச்சப்படுத்துவன.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஒரு வாரம் ஆர்வத்தோடு செய்து, பின் விட்டுவிடும் நற்செயல், என் பள்ளியின் மழைநீர்க் குழியைப் போன்றது. படிவத்தில் இருக்கும், நிலத்தில் இராது. இயற்கைக்கு இசைந்த வாழ்வுக்குத் தேவை செல்வமன்று. பொருள்களைக் குவிப்பதும் அன்று. இன்று யாருடைய முறை, நேற்று செய்தது என்ன என்ற இரு கேள்விகளுக்கும் வீட்டில், தெருவில், பள்ளியில், ஆலையில் விடை சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் ஒருநாள் உங்கள் ஊர் ஏரிக்கரைமேல் நடந்து பாருங்கள். பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வரத்துக் கால்வாய் எது, மதகு எது, கலங்கல் எது என்று அவரிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அடைபட்டிருப்பதைக் கண்டால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தை உங்களுக்கு அடுத்த வகுப்பினரிடம் ஒப்படையுங்கள். என்னிடம் அந்த மாணவி கேட்ட கேள்வியை ஒருநாள் உங்களிடமும் யாரேனும் கேட்பார்கள். அப்போது நீங்கள் என்னைப்போல் விடையின்றி நிற்க வேண்டாம்.